நியூரோடைவர்ஸ் நர்சிங் மாணவர்களும் கலப்பு முறைப் படிப்பும்: திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

பாதி வகுப்பு இணையத்தில், மீதி வகுப்பறையிலும் ஸ்கில் லேபிலும், அப்புறம் மருத்துவமனை போஸ்டிங் என்று ஓடும் நர்சிங் படிப்புகளில் பாடம் எடுப்பவர்களும் படிப்பவர்களும் என்னிடம் கேட்டவை இவை. ஒரே சந்தேகம் வேறு வேறு ஆட்களிடமிருந்து வந்துகொண்டே இருந்ததால், ஓரிடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். சிலது கொஞ்சம் காரமாக இருக்கும். அவசரத்தில் இருப்பவர்கள் கூடுதல் நேரம் பற்றிய கேள்வியை மட்டுமாவது படியுங்கள், மற்ற பதில்களில் பாதி அதிலிருந்துதான் வருகிறது.

நியூரோடைவர்ஸ்னா ஆட்டிசம் உள்ளவங்கதானே?

மூளை பெரும்பாலானவர்களிடமிருந்து வேறு விதமாக இயங்குபவர்கள் எல்லாரையும் குறிக்கும் சொல் அது, ஆட்டிசம் அதில் ஒன்று. கவனத்தை நிலைநிறுத்துவதைக் கடினமாக்கும் ஏடிஹெச்டி, படிப்பதிலும் எழுத்துக்கூட்டுவதிலும் சிரமம் தரும் டிஸ்லெக்ஸியா, எண்களோடு மல்லுக்கட்ட வைக்கும் டிஸ்கால்குலியா, உடல் அசைவுகளை ஒருங்கிணைப்பதைக் கடினமாக்கும் டிஸ்பிராக்ஸியா, தன்னையறியாமல் அசைவும் ஒலியும் வரவைக்கும் டூரெட் சிண்ட்ரோம் எல்லாமே இந்தக் குடைக்குள் வரும். ஒருவருக்கே இரண்டு மூன்று சேர்ந்து இருப்பதும் சகஜம். அதனால் ‘ஏடிஹெச்டிக்கு இது, டிஸ்லெக்ஸியாவுக்கு அது’ என்று பட்டியல் போட்டுக் கொடுங்கள் என்று கேட்டால் நான் கொடுப்பதில்லை. அந்த மாணவருக்கு எந்த இடத்தில் தடுக்குகிறது என்று கேட்பதுதான் வேலைக்கு ஆகும்.

வீட்ல உக்காந்து அவங்கவங்க வேகத்துல படிக்கலாமே, கலப்பு முறை இவங்களுக்கு வரப்பிரசாதம்தானே?

பாதி உண்மை. பதிவு செய்த பாடத்தை நிறுத்தலாம், பின்னால் போகலாம், நாலு தடவை கேட்கலாம். கண்ணைக் கூசும் குழல்விளக்கு, பக்கத்து பெஞ்சின் கிசுகிசு எதுவும் கிடையாது. யோசித்து எழுதிப் பதில் சொல்லவும் வழி இருக்கிறது.

இன்னொரு பாதியை யாரும் பேசுவதில்லை. வகுப்பறையில் மணி அடித்தால் எழுந்து அடுத்த வகுப்புக்குப் போகிறோம், நம் நேரத்தை யாரோ நமக்காகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். இணையத்தில் அந்த வேலை முழுக்க மாணவர் தலையில் விழுகிறது: எதை முதலில் தொடுவது, எப்போது நிறுத்துவது, அசைன்மென்ட்டுக்கு எத்தனை நாள் முன்னால் உட்காருவது. ஏடிஹெச்டி உள்ள பலருக்கு பாடத்தைவிட இந்தத் திட்டமிடல்தான் பெரிய மலை. இது போதாதென்று திங்கள் இணையம், செவ்வாய் லேப், புதனிலிருந்து வார்டு என்று இடம் மாறிக்கொண்டே இருக்கும். ஆட்டிசம் உள்ளவர் ஓர் இடத்துக்குப் பழகி மூச்சு விடுவதற்குள் அடுத்த இடம் வந்துவிடுகிறது. அதுவும் கால அட்டவணையை ஞாயிறு இரவு மாற்றினால் கேட்கவே வேண்டாம்.

சர்டிஃபிகேட் கொண்டுவந்தாதானே நாங்க ஏதாவது செய்ய முடியும்?

தேர்வில் தனி ஏற்பாடு மாதிரியான சிலதுக்கு நிர்வாகம் காகிதம் கேட்கும், சரி. ஆனால் செய்ய வேண்டியதில் பெரும்பகுதிக்குக் காகிதமே தேவையில்லை. பெரியவர்களான பிறகுதான் தனக்கு ஏடிஹெச்டி, ஆட்டிசம் என்று தெரிந்துகொள்பவர்கள் நிறைய. பெண்களிடம் இது சிறுவயதில் கண்ணில் படாமல் போவது அதிகம் என்பது தெரிந்த விஷயம், நர்சிங் வகுப்பில் யார் அதிகம் என்று நான் சொல்லத் தேவையில்லை. பரிசோதனைக்கு ஆகும் செலவும் காத்திருப்பும் வேறு. சான்றிதழ் இருப்பவருக்கு மட்டும்தான் வசதி என்றால், உங்கள் வகுப்பில் திணறுபவர்களில் பலர் வெளியே நிற்பார்கள்.

அதனால்தான் யாருக்கு என்ன என்று கேட்காமல் பாடத்தையே எல்லாருக்கும் தோதாக வடிவமைக்கச் சொல்கிறார்கள். இதற்கு யூனிவர்சல் டிசைன் ஃபார் லேர்னிங் என்று பெயர். 1984-இல் அமெரிக்காவில் தொடங்கிய காஸ்ட் என்ற அமைப்பு வளர்த்த சட்டகம் இது, அதன் வழிகாட்டுதல்களின் 3.0 பதிப்பு 2024-இல் வந்தது. சாரம் எளிது: ஆர்வத்தைத் தூண்ட ஒன்றுக்கு மேற்பட்ட வழி, பாடத்தைக் கொடுக்க ஒன்றுக்கு மேற்பட்ட வழி, கற்றதைக் காட்ட ஒன்றுக்கு மேற்பட்ட வழி. அதற்கும் மேல் ஒருவருக்குத் தனியாக வேண்டியதை நியாயமான தகவமைப்பு என்கிறார்கள். அதை மறுப்பதே பாகுபாடு என்று 2006-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 2-ஆம் பிரிவு சொல்கிறது. பல நாடுகளில் உள்நாட்டுச் சட்டமும் உண்டு.

நேரமே இல்ல. முதல்ல ஒண்ணே ஒண்ணு செய்யணும்னா எது?

பாடத்தளத்தின் பக்கத்தைச் சுத்தம் செய்யுங்கள். நான் பார்த்த பல பக்கங்களில் நடப்பது இதுதான்: ‘வாரம் 6, நீரிழிவு நோயாளி பராமரிப்பு’ என்று தலைப்பு இருக்கும். கீழே ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’, ‘புதுசு 2’ என்று மூன்று கோப்பு, எது இந்த வருடத்தது என்று தெரியாது. வீடியோ இன்னொரு பக்கத்தில். க்விஸ் தேதி அறிவிப்புப் பலகையில் ஒன்று, வாட்ஸாப் குழுவில் வேறொன்று. லேபுக்கு என்ன கொண்டுவர வேண்டும் என்பது போன வாரக் கோப்பின் கடைசிப் பக்கத்தில். இதைத் தேடிப் பிடிப்பதற்குள் ஏடிஹெச்டி மாணவருக்கு அன்றைய கவனம் தீர்ந்துவிடும், இன்சுலினைத் தொடக்கூட மாட்டார்.

எல்லா வாரத்துக்கும் ஒரே அமைப்பு வையுங்கள். மேலே ‘இந்த வாரம் செய்ய வேண்டியவை’ என்று நாலைந்து வரி, ஒவ்வொன்றுக்கும் தோராயமாக எத்தனை நிமிடம் ஆகும், எது கட்டாயம், எது விருப்பம். தேதி மாறினால் ஒரே இடத்தில் மட்டும் மாற்றி, வாட்ஸாப்பில் அந்த இடத்தின் இணைப்பை மட்டும் அனுப்புங்கள். கூடவே பழைய புத்தகத்தை ஸ்கேன் செய்து போட்ட பிடிஎஃப்களை எடுத்துவிடுங்கள். அவை வெறும் படங்கள், வாசித்துக் காட்டும் மென்பொருளால் அவற்றில் ஒரு வார்த்தை படிக்க முடியாது. இணையப் பக்கங்களுக்கான டபிள்யூசிஏஜி தரநிலை சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 என்ற விகிதத்தில் வேண்டும் என்கிறது, வெளிர் சாம்பலில் எழுதுபவர்கள் கவனிக்க.

ஒரு மணி நேர லெக்சரை அப்படியே ரெக்கார்ட் பண்ணிப் போட்டா போதாதா?

போடாமல் இருப்பதற்கு அது மேல். ஆனால் அந்த ஒரு மணி நேரத்துக்குள் ‘கீட்டோஅசிடோசிஸ் எங்கே வந்தது?’ என்று தேடுபவரை நினைத்துப் பாருங்கள். தலைப்புவாரியாக வெட்டுங்கள், அல்லது எந்த நிமிடத்தில் எது என்று கீழே எழுதுங்கள். கேப்ஷன் கட்டாயம். தானியங்கிக் கேப்ஷன் மருந்துப் பெயர்களைக் கொன்றுவிடும் என்பதால் அந்த வார்த்தைகளையாவது ஒருமுறை திருத்திவிடுங்கள். எழுத்துவடிவம் இருந்தால் இன்னும் நல்லது, காது கேளாதவர், இரவுப்பணி முடித்துப் பேருந்தில் வருபவர், டிஸ்லெக்ஸியா உள்ளவர் எல்லாரும் அதை வேறு வேறு விதமாகப் பயன்படுத்திக்கொள்வார்கள்.

லைவ் க்ளாஸ்ல கேமராவ ஆஃப் பண்ணிட்டு உக்காந்திருக்காங்க. கவனிக்கிறாங்களான்னு எப்படித் தெரியும்?

கேமரா போட்டிருந்தாலும் தெரியாது. திரையை உற்றுப் பார்த்துக்கொண்டே ஒரு வரி கேட்காமல் இருப்பவர்கள் உண்டு. எங்கோ பார்த்துக்கொண்டு, கையில் எதையோ உருட்டிக்கொண்டு அத்தனையும் கேட்பவர்களும் உண்டு. ஆட்டிசம் உள்ள சிலருக்குத் தன் முகத்தையும் நாற்பது முகங்களையும் ஒரே நேரத்தில் பார்ப்பதே பெரிய சுமை, பாடத்துக்கு மிச்சம் இருக்காது.

கவனித்தார்களா என்று அறிய வேண்டுமென்றால் கேள்வி கேளுங்கள்: நடுநடுவே ஒரு சின்ன வாக்கெடுப்பு, சாட்டில் ஒற்றை வரிப் பதில். பேர் சொல்லித் திடீரென்று கூப்பிடாதீர்கள். கூப்பிடத்தான் வேண்டும் என்றால் கேள்வியைத் திரையில் போட்டு, ஒரு நிமிடம் கொடுத்து, அப்புறம் கூப்பிடுங்கள். அந்த ஒரு நிமிடத்தில் மற்ற மாணவர்களின் பதிலும் தேறிவிடும்.

டிஸ்லெக்ஸியாவுக்குனு தனி ஃபான்ட் இருக்காமே, கலர் பேப்பரும். வாங்கிடலாமா?

பணத்தை மிச்சப்படுத்துங்கள். தனி எழுத்துருக்களும் வண்ணத் தாள்களும் வாசிப்பை மேம்படுத்துவதற்கான சான்று பலவீனமானது. எழுத்தின் அளவு, எழுத்துகளுக்கும் வரிகளுக்கும் இடையில் தாராள இடைவெளி, சின்னப் பத்திகள் இவற்றில்தான் பலன் தெரிகிறது. ஒரு மாணவர் ‘எனக்கு இந்த மஞ்சள் பின்னணிதான் வசதி’ என்றால் அவர் திரையில் அவர் வைத்துக்கொள்ளட்டும், அதற்குத் தடை போட வேண்டாம். எல்லாருக்கும் மஞ்சள் தாளில் அச்சடிப்பது வீண் செலவு. பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர் என்று மாணவரைப் பிரித்து அதற்கேற்பப் பாடம் நடத்தும் பழைய யோசனையும் இப்படித்தான், அதற்கும் உருப்படியான சான்று இல்லை. மேலே சொன்ன ‘ஒன்றுக்கு மேற்பட்ட வழி’ என்பது வேறு: அங்கே யாரையும் எந்தப் பெட்டிக்குள்ளும் அடைப்பதில்லை, எல்லா வழியும் எல்லாருக்கும் திறந்திருக்கிறது.

இவங்களுக்கு மட்டும் எக்ஸ்ட்ரா டைம் குடுத்தா மத்தவங்களுக்கு அநியாயம் இல்லையா? ஆஸ்பத்திரில யாரு எக்ஸ்ட்ரா டைம் தருவா?

இந்தப் பக்கத்திலேயே என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. கேட்பவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை, நோயாளியை நினைத்துத்தான் கேட்கிறார்கள். அதனால் பதிலும் நோயாளியிடமிருந்தே தொடங்கட்டும். ஒவ்வொரு தேர்விலும் ‘இங்கே எதைச் சோதிக்கிறோம்?’ என்று கேளுங்கள். இதயத்துடிப்பு நின்றுபோனவருக்கு சிபிஆர் என்ற உயிர்காப்பு முதலுதவி செய்வதில் வேகமே திறமை: நெஞ்சழுத்தம் நிமிடத்துக்கு 100 முதல் 120, பெரியவருக்கு 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், உடனே தொடங்க வேண்டும். அங்கே கூடுதல் நேரம் என்ற பேச்சே கிடையாது, யாருக்கும். ஆனால் இதயச் செயலிழப்பில் கால் ஏன் வீங்குகிறது என்று மூன்று மணி நேரத் தாளில் எழுதும்போது நாம் சோதிப்பது உடலியங்கியல் அறிவை. அதில் நீளமான கேள்வியை வாசிக்கும் வேகமும் கையெழுத்து வேகமும் சேர்ந்து மதிப்பெண்ணைக் குறைத்தால், நாம் அளக்க நினைத்ததை அளக்கவில்லை என்று அர்த்தம். வார்டில் எந்த நர்சும் ஓடுகிற கடிகாரத்துக்கு முன்னால் இதய நோய் பற்றிக் கட்டுரை எழுதுவதில்லை.

இன்னொன்று. நினைவை மட்டும் நம்பாதே, துணைக்கருவி வைத்துக்கொள் என்பது மருத்துவத்தின் சொந்தப் பாடம். உலக சுகாதார நிறுவனத்தின் அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியல் 2008-இல் வந்தது, 19 விஷயங்கள், எத்தனை வருட அனுபவமுள்ள சர்ஜன் முன்னிலையிலும் வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்க்கிறார்கள். அதை யாரும் சலுகை என்று சொல்வதில்லை. அதே பட்டியலை ஒரு ஏடிஹெச்டி மாணவர் பாக்கெட்டில் வைத்திருந்தால் மட்டும் ஏன் ‘காப்பி’ ஆகிறது?

நடைமுறைக்கு வருவோம். மூடில் போன்ற பாடத்தளங்களில் க்விஸுக்குக் குறிப்பிட்ட மாணவருக்கு மட்டும் நேரத்தை நீட்டும் வசதி உள்ளேயே இருக்கிறது, மற்றவர்களுக்குத் தெரியாது. அதைவிட நல்லது, வேகம் முக்கியமில்லாத க்விஸுகளில் எல்லாருக்குமே நேரத்தைத் தாராளமாக வைத்துவிடுவது. கேள்வித்தாளையும் பாருங்கள். ‘பின்வருவனவற்றுள் எது செய்யக் கூடாதது அல்ல?’ என்று இரட்டை மறுப்பில் கேட்டால் எல்லாருமே தடுமாறுவார்கள், டிஸ்லெக்ஸியா உள்ளவர் முதலில் தடுமாறுவார்.

கணக்கே வராதவங்க கையில மருந்த எப்படிக் குடுக்கறது?

சரியான பயம். மருந்தளவுக் கணக்கில் தளர்வு கூடாது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. முந்தைய பதிலில் கேட்ட கேள்வியையே இங்கேயும் கேட்போம்: எதைச் சோதிக்கிறோம்? சரியான அளவு நோயாளிக்குப் போகிறதா என்பதை. மனக்கணக்குத் திறமையை அல்ல. வார்டில் கால்குலேட்டர் உண்டு, இன்சுலின், ஹெப்பரின் போன்ற ஆபத்து அதிகமுள்ள மருந்துகளுக்கு இன்னொருவர் தனியாகச் சரிபார்க்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு.

டிஸ்கால்குலியா உள்ளவருக்கு சூத்திரத்தை மனப்பாடம் செய்யச் சொல்வதைவிட, விடை நம்பும்படி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக்கொடுப்பது அதிகம் உதவும். 1000 மி.லி. சலைன், 8 மணி நேரத்தில் ஏற வேண்டும், செட் மி.லி.க்கு 20 சொட்டு. சூத்திரம் போட்டால் நிமிடத்துக்கு 41.67, அதாவது 42 சொட்டு. இதை இன்னொரு வழியில் பாருங்கள்: 8 மணிக்கு 1000 என்றால் மணிக்கு 125, நிமிடத்துக்கு 2 மி.லி.க்குக் கொஞ்சம் மேல், ஒரு மி.லி.க்கு 20 சொட்டு என்றால் 40-ஐ ஒட்டி வர வேண்டும். இப்போது தசமப்புள்ளி நழுவி 420 என்று வந்தாலும் அவருக்கே உறுத்தும், நிமிடத்துக்கு 420 சொட்டு என்றால் அது சொட்டாகவே விழாது, ஒழுகும். லேபில் நிஜ டிரிப் செட்டை மாட்டி, 42 சொட்டு எப்படி விழுகிறது, 4 எப்படி விழுகிறது என்று கடிகாரத்தோடு பார்க்க விடுங்கள். இணையத்தில் பத்துப் பத்தாகக் கணக்குப் பயிற்சி, லேபில் அதே கணக்கின் திரவம். கலப்பு முறை உண்மையிலேயே ஜொலிப்பது இங்கேதான்.

மருந்துப் பேரெல்லாம் எனக்கு ஒரே மாதிரி தெரியுது. நான் நர்ஸ் ஆகலாமா?

ஒரு மாணவி கேட்டது. ஆகலாம். ஹைட்ராக்சிசின், ஹைட்ராலசின் இரண்டும் உங்களுக்கு மட்டுமல்ல, பலருக்கும் குழம்பும். ஒன்று அரிப்புக்கும் ஒவ்வாமைக்கும், இன்னொன்று ரத்த அழுத்தத்துக்கு. இந்தக் குழப்பத்தால் ஆபத்து வந்ததால்தான் ஆங்கிலப் பெயரில் வேறுபடும் பகுதியை மட்டும் பெரிய எழுத்தில் அச்சடிக்கும் ‘டால் மேன்’ முறையே வந்தது. அதே முறையில் உங்கள் குறிப்பேட்டில் மாறுபடும் பகுதியை வேறு நிறத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஜோடியாக எழுதுங்கள், தனித்தனியாக வேண்டாம். தெரியாத பெயரை உச்சரிப்போடு கேட்டுப் பழகுங்கள், ஆசிரியர்கள் ஒரு சொல்லகராதியை ஒலியோடு பாடத்தளத்தில் போட்டுவிட்டால் வகுப்பு மொத்தமும் நன்றி சொல்லும். அப்புறம் கையால் எழுதிய மருந்துச்சீட்டு புரியாவிட்டால் கேட்பது உங்கள் குறையை வெளிக்காட்டுவதாக நினைக்காதீர்கள். புரியாமல் கொடுப்பதுதான் தவறு.

ஆஸ்கி தேர்வுல மணி அடிச்சாலே எல்லாம் மறந்துடுது. அதுக்கு என்ன பண்ண முடியும்?

ஆஸ்கி என்பது ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் குழு 1975-இல் அறிமுகப்படுத்திய செய்முறைத் தேர்வு முறை: வரிசையாக நிலையங்கள், மணி அடித்தால் அடுத்ததற்கு நகர வேண்டும். எல்லாரையும் ஒரே அளவுகோலில் அளக்க உண்டானது. ஆனால் மணிச் சத்தம், கதவில் ஒட்டிய காகிதத்தைப் படிக்க ஒரு நிமிடம், உள்ளே போனதும் அந்தக் காகிதம் கிடையாது என்ற ஏற்பாடு இதெல்லாம் அளவுகோலின் பகுதி இல்லை, வழக்கத்தின் பகுதி. அறிவுறுத்தலை உள்ளேயும் ஒரு பிரதி வைக்கலாம். அலறும் மணிக்குப் பதில் மென்மையான ஒலி வைக்கலாம். நடுவில் ஓர் ஓய்வு நிலையம் விடலாம். இவற்றை எல்லா மாணவருக்கும் செய்துவிட்டால் யாருடைய பெயரையும் தனியாக எழுத வேண்டியதில்லை.

தேர்வுக்கு முன் அந்த அறை எப்படி இருக்கும், எந்தப் பக்கம் நுழைவது, டிராலி எங்கே நிற்கும் என்று போனில் எடுத்த இரண்டு நிமிட வீடியோவைப் போடுங்கள். டிஸ்பிராக்ஸியா உள்ளவருக்குக் கையுறை மாட்டுவதும் சிரிஞ்சில் மருந்து இழுப்பதும் வசப்படக் கூடுதல் பயிற்சி வேண்டும், ஆகவே லேபைப் பாட நேரத்துக்கு வெளியே திறந்து வையுங்கள். கிருமியற்ற முறையை மீறினால் மீறியதுதான், அதில் விட்டுக்கொடுக்க முடியாது. கை கொஞ்சம் நடுங்கியதற்கு மதிப்பெண் குறைப்பது வேறு விஷயம்.

இணையத்துல நல்லா பண்றான், வார்டுக்குப் போனா உறைஞ்சு போயிடறான். ஏன்?

வார்டில் ஒரே நொடியில் என்னவெல்லாம் நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். இரண்டு மானிட்டர் கத்துகிறது, இன்ஃப்யூஷன் பம்ப் வேறு சுருதியில் கூப்பிடுகிறது, டெட்டால் வாடை, நோயாளியின் மகன் கேள்வி கேட்கிறார், அந்த நேரத்தில் சிஸ்டர் நடந்துகொண்டே ‘அந்த 14-க்கு பிபி பாத்துட்டு, 9-க்கு கதீட்டர் பேகக் காலி பண்ணிட்டு, அப்படியே பார்மசிக்குப் போய்ட்டு வா’ என்கிறார். மூன்று வேலை, எழுதிக்கொள்ளவும் இடமில்லை. உறைந்து நிற்பது சோம்பலோ அலட்சியமோ இல்லை, உள்ளே வந்த அத்தனையையும் வடிகட்ட முடியாமல் நிற்கிறார்.

போஸ்டிங்குக்கு முன்பே ஒருமுறை காலி நேரத்தில் வார்டைச் சுற்றிக்காட்டுவது, முதல் வாரத்தில் ஒரே பொறுப்பாளரோடு விடுவது, வேலையை ஒன்றொன்றாகச் சொல்லித் திரும்பச் சொல்லச் சொல்வது, ஐந்து நிமிடம் ஒதுங்க ஓர் அமைதியான மூலை. ஷிஃப்ட் அட்டவணையை முன்கூட்டியே கொடுப்பதும், இரவு ஷிஃப்ட் முடிந்த காலையிலேயே இணைய வகுப்பு வைக்காமல் இருப்பதும் கல்லூரியின் பொறுப்பு. சத்தத்தை முழுக்க அடைக்காமல் குறைக்க மட்டும் செய்யும் காதுச்செருகிகள் உண்டு, ஆனால் அலாரமும் நோயாளி கூப்பிடுவதும் கேட்கிறதா என்று வார்டிலேயே சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுமதிக்க வேண்டும்.

ஷிஃப்ட் மாறும்போது நோயாளி விவரத்த ஒப்படைக்கற ஹேண்டோவர்ல அவங்க பேசற வேகத்துக்கு என்னால எழுதவே முடியல. போன்ல ரெக்கார்ட் பண்ணலாமா?

வேண்டாம். நோயாளியின் விவரம் சொந்த போனில் ஏறக் கூடாது, இதில் விதிவிலக்கு இல்லை. அதற்குப் பதில் முன்கூட்டியே கட்டம் போட்ட தாள் வைத்துக்கொள்ளுங்கள்: படுக்கை எண், நோய், நிலைமை, டிரிப், அடுத்து செய்ய வேண்டியது. எஸ்பார் முறை தெரியுமல்லவா, இப்போதைய நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை என்ற அந்த நாலு தலைப்பு? அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிகளில் பிறந்து மருத்துவமனைக்கு வந்தது அது. பதற்றத்திலும் எதுவும் விட்டுப்போகாமல் இருக்கத்தான் அதை உருவாக்கினார்கள். உங்கள் தாளையும் அந்த நாலு தலைப்பில் அமைத்தால், சொல்பவரும் மெல்ல அந்த வரிசைக்கு வந்துவிடுவார். ஷிஃப்ட் முடிந்ததும் தாளை மருத்துவமனையிலேயே கிழித்து அழித்துவிடுங்கள்.

எனக்கு ஏடிஹெச்டி இருக்குனு வார்டுல சொல்லணுமா? சொன்னா வேற மாதிரி பாக்க மாட்டாங்களா?

சிலர் பார்ப்பார்கள், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். சொல்வதும் சொல்லாததும் உங்கள் உரிமை. ஆனால் பெயரைச் சொல்வதற்கும் தேவையைச் சொல்வதற்கும் வித்தியாசம் உண்டு. ‘எனக்கு ஏடிஹெச்டி’ என்று வார்டில் சொல்லாமலே ‘மூன்று வேலை சேர்ந்து வந்தால் எழுதிக்கொண்டால்தான் விடாமல் செய்வேன், ஒரு நிமிடம் கொடுங்கள்’ என்று சொல்லலாம். அதைக் கேட்டு யாரும் முகம் சுளிப்பதைப் பார்த்ததில்லை. நோயாளியின் பாதுகாப்பைத் தொடும் தேவை என்றால் மட்டும் தள்ளிப்போடாமல் கல்லூரியிடம் சொல்லிவிடுங்கள், போஸ்டிங் தொடங்குவதற்கு முன்னால்.

கல்லூரிக்கு: மாணவர் சம்மதித்தால் மட்டும் வார்டுக்கு ஒரு குறிப்பு அனுப்புங்கள், அதுவும் அரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம். நோயின் பெயரோ மருத்துவ அறிக்கையோ தேவையில்லை. இவருக்கு எது உதவும், எது உதவாது, பிரச்சினை என்றால் யாரைக் கூப்பிடுவது, அவ்வளவுதான். அதை மாணவரே எழுதட்டும். நிறைய இடங்களில் இணையப் பகுதிக்குச் செய்த ஏற்பாடு பத்திரமாகக் கோப்பில் இருக்கிறது, வார்டுக்கு ஒரு வார்த்தை போவதில்லை. மாணவர் ஒவ்வொரு போஸ்டிங்கிலும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆட்டிசம் இருக்கறவங்களால நோயாளிகிட்ட பரிவா பேச முடியுமா? நர்சிங்கே பரிவுதானே?

பரிவு இருப்பதும் அதை எல்லாரும் எதிர்பார்க்கும் முகபாவத்தில் காட்டுவதும் ஒன்றல்ல. கண்ணைப் பார்க்காமல் பேசினால் அக்கறை இல்லை என்று மதிப்பெண் போடும் படிவங்களை நான் பார்த்திருக்கிறேன். 2012-இல் டேமியன் மில்டன் என்ற ஆட்டிசம் உள்ள சமூகவியலாளர் ‘இரட்டைப் பரிவுச் சிக்கல்’ என்று ஒன்றை முன்வைத்தார்: ஆட்டிசம் உள்ளவர் மற்றவரைப் புரிந்துகொள்ளத் தடுமாறுவதைப்போல, மற்றவரும் அவரைப் புரிந்துகொள்ளத் தடுமாறுகிறார், குறை ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை என்று. வார்டுக்கு வரும் நோயாளிகளிலும் ஆட்டிசம் உள்ளவர்கள் இருப்பார்கள், அவர்களுக்கு நேரடியாக, சுற்றிவளைக்காமல் பேசும் நர்ஸ் பெரிய நிம்மதி.

மதிப்பீட்டுப் படிவத்தில் ‘கண் தொடர்பு’ என்பதை எடுத்துவிட்டு ‘என்ன செய்யப்போகிறோம் என்று நோயாளியிடம் சொன்னாரா, வலிக்கிறதா என்று கேட்டாரா, பதிலுக்குக் காத்திருந்தாரா’ என்று மாற்றுங்கள். இவை கண்ணுக்குத் தெரியும், கற்றுக்கொடுக்கவும் முடியும்.

ஒருத்தருக்கு உதவறது இன்னொருத்தருக்கு இடைஞ்சலா இருந்தா?

இருக்கும். ஒருவருக்குக் கேப்ஷன் உயிர், இன்னொருவருக்கு அது கண்ணை இழுக்கும் தொல்லை. லைவ் வகுப்பில் சாட் ஓடுவது பேசத் தயங்குபவருக்கு வாசல், ஏடிஹெச்டி உள்ளவருக்குக் கவனச்சிதறல். முடிந்த இடத்திலெல்லாம் மாணவரே போட்டு அணைக்கும்படி வையுங்கள். சாட்டை ஒருவர் தொகுத்து இடையில் வாசித்தால் மற்றவர் அதை மூடிவிடலாம். குழு வேலையில்தான் இது சிக்கலாகும். ‘நீங்களே பேசிப் பிரித்துக்கொள்ளுங்கள்’ என்று விட்டுவிடாமல் யார் எந்தப் பகுதி, எந்தத் தேதிக்குள் என்பதை எழுத்தில் கொடுங்கள். குழுவாக வேலை செய்வதே அங்கே சோதிக்கப்படவில்லை என்றால் தனியாகச் செய்யவும் அனுமதியுங்கள்.

அசைன்மென்ட்டுக்கு ஏஐ யூஸ் பண்ணலாமானு கேக்கறாங்க. டிஸ்லெக்ஸியாக்கு அது உதவிதானே?

எழுத்துப்பிழை திருத்துவது, குரலை எழுத்தாக்குவது, நீளமான பக்கத்தை வாசித்துக் காட்டுவது எல்லாம் நீண்ட காலமாக இருக்கும் உதவிக் கருவிகள், அவற்றைத் தடுக்கக் காரணமில்லை. சிந்தனையையே அது செய்தால் மறுபடி அதே கேள்விதான், எதைச் சோதிக்கிறோம்? எது சரி, எது கூடாது என்பதை ஒவ்வொரு அசைன்மென்ட்டின் மேலும் நேரடியாக எழுதுங்கள், ‘நேர்மையாகப் பயன்படுத்தவும்’ என்ற மூடுமந்திரம் யாருக்கும் புரியாது. நோயாளியின் விவரத்தை அதில் போடுவது, ஹேண்டோவர் கேள்வியில் சொன்னதுதான், கூடவே கூடாது.

இவ்வளவும் செஞ்சும் தேறலன்னா?

முதலில் ‘இவ்வளவும்’ உண்மையில் நடந்ததா என்று பாருங்கள். ஒப்புக்கொண்ட ஏற்பாடு காகிதத்தில் இருந்து, வார்டில் யாருக்கும் தெரியாமல் போயிருந்தால் அந்தப் போஸ்டிங்கின் முடிவை நம்ப முடியாது, மறுபடி வாய்ப்பு கொடுக்க வேண்டும். அடுத்து, மாணவருக்குக் கிடைத்த கருத்துகளைப் படியுங்கள். ‘தன்னம்பிக்கை போதாது’, ‘இன்னும் முன்முயற்சி வேண்டும்’ என்று எழுதியிருந்தால் அதை வைத்து யாராலும் எதையும் திருத்திக்கொள்ள முடியாது. ‘மருந்து கொடுக்கும் முன் கைப்பட்டையைப் பார்த்துப் பெயரைச் சரிபார்க்கவில்லை, இரண்டு நாளும்’ என்று எழுதியிருந்தால் நாளைக் காலையே திருத்தலாம்.

இவை எல்லாம் ஒழுங்காக நடந்தும், பாதுகாப்புக்கான அளவுகோலை எட்டவில்லை என்றால் எட்டவில்லைதான். மற்ற மாணவருக்கு என்ன முடிவோ அதே முடிவு இவருக்கும், இதில் தயங்கிக் கடைசி வருடம் வரை இழுத்துக்கொண்டு போவது அவருக்கே செய்யும் துரோகம். முடிவைத் தொலைபேசியில் மட்டும் சொல்லிவிடாமல், எந்தத் திறன், எந்தத் தேதிகளில் கவனித்தது, மறுதேர்வு உண்டா, எப்போது, முறையீடு யாரிடம், இதே படிப்பில் வாங்கிய மதிப்பெண்களோடு வேறு எந்தப் படிப்புக்கு மாறலாம் என்பதையெல்லாம் எழுத்தில் கொடுங்கள். படித்து ஜீரணிக்க இரண்டு நாள் விட்டு, அப்புறம் சந்திப்புக்குக் கூப்பிடுங்கள். விரும்பினால் யாரையாவது கூட அழைத்து வரலாம் என்றும் சொல்லுங்கள்.